பற்றாசும் பக்கப்பட்டையும்: கையால் அமைக்கும் வானொலி

ஆசிடை நேரிசை வெண்பாவைப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் ‘ஆசு’ என்னும் சொல்லை விளக்காமல் மேற்செல்ல இயலாது. முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை ஒட்டாது நிற்குமிடத்தில் ஒன்றோ இரண்டோ அசைகளைச் சேர்த்து இணைப்பர். அவ்வசைகளே ஆசு எனப்படும். உலோகத் துண்டுகளை இணைக்கக் கொல்லர் இடும் பற்றாசினை உரையாசிரியர் இதற்கு உவமையாகக் காட்டுவர். உவமையைச் சொல்லும் நாமும் கேட்கும் மாணவரும் பற்றாசினைக் கண்ணால் கண்டதில்லை என்பதே இதிலுள்ள குறை. நாம் அதனை முதன்முதலாகக் கையில் எடுத்தது ஒரு பொற்கொல்லர் பட்டறையில் அன்று. பணி ஓய்வுக்குப் பின், உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒரு வானொலிக் கருவியை அமைக்க முற்பட்டபோதுதான்.

தன்னார்வ வானொலி என்பது வணிக நோக்கின்றித் தனி மனிதர் ஒருவரோடொருவர் வானலைவழிப் பேசும் கலையாகும். இதற்கு நாட்டின் உரிமம் வேண்டும். தேர்வு எழுதித் தேறியவர்க்கு அழைப்புக்குறி வழங்கப்படும். சிங்கப்பூரருக்கு அது பெரும்பாலும் 9வி1 என்றும் தீபகற்ப மலேசியருக்கு 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்றும் தொடங்கும். அனுப்பியும் ஏற்பியும் ஒருங்கே அமைந்த கருவியைக் கடையில் வாங்கலாம். பாகங்கள் நிறைந்த ஒரு பொதியை வாங்கி நாமே அமைக்கவும் செய்யலாம். பின்னதைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது பிட்எக்ஸ்20 என்னும் வடிவமைப்பு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் இதனை 2000களின் தொடக்கத்தில் வகுத்தார். அயல்நாட்டிலிருந்து அரிய பாகங்களை வரவழைக்க இயலாத இந்திய ஆர்வலரை மனத்திற்கொண்டு, உள்ளூர்க் கடைத்தெருவில் கிடைப்பவற்றைக் கொண்டே அமைத்தார். கம்பிச்சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாயின் வாஷரைப் பயன்படுத்தினார் என்பதொன்றே அவரது நோக்கைக் காட்டப் போதும். 14 மெகா ஹெர்ட்சில், ஏறத்தாழ 6 வாட் ஆற்றலில் பேச உதவும் எளிய கருவி இது.

இதன் உள்ளமைப்பு பின்வருமாறு. வானலைக்கம்பி கொணரும் 14 மெகா ஹெர்ட்சு அலையைக் கருவியிலுள்ள 4 மெகா ஹெர்ட்சு அலையியற்றியின் அலையோடு கலப்பர். கலப்பினால் இரண்டின் கூட்டலும் கழித்தலும் பிறக்கும். கழித்தலாகிய 10 மெகா ஹெர்ட்சைப் படிக வடிகட்டி ஏற்றுக்கொள்ளும், ஏனையவற்றைத் தடுத்துவிடும். வடிகட்டியைக் கடந்ததனை மீண்டும் ஏறத்தாழ 10 மெகா ஹெர்ட்சு அலையொன்றோடு கலந்தால் எஞ்சுவது மனிதக் குரல். பேசும்போது இதே வழி எதிர்த்திசையில் இயங்கும். வடிகட்டியும் அலையியற்றிகளும் இரு பணிக்கும் பொதுவாதலால் பாகங்கள் குறைகின்றன.

வடிகட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மொழி பயில்வோர்க்கு இக்கருவியில் உரிய பகுதி அதுவே. குரலை ஊர்தி அலையின்மீது ஏற்றினால் அவ்வலையின் இருபுறமும் இரண்டு பக்கப்பட்டைகள் தோன்றும். இரண்டும் ஒரே செய்தியையே சுமப்பன; ஊர்தி அலையோ செய்தி எதனையும் சுமப்பதில்லை. ஆகவே ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கி, எஞ்சிய ஒன்றற்கே ஆற்றல் முழுவதையும் அளிப்பர். 10 மெகா ஹெர்ட்சுப் படிகங்கள் நான்கு, குறுகிய ஒரு வாயிலை அமைத்து, வேண்டாத பக்கப்பட்டையை நீக்குகின்றன. ஒரே எண் பொறித்த படிகங்களும் தம்முள் சில நூறு ஹெர்ட்சு வேறுபடுவதுண்டு. எனவே பலவற்றை அளந்து, நெருங்கிய நான்கைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எமக்கு ஒரு மாலைப்பொழுது இதற்கே கழிந்தது.

இக்குறுகிய வாயிலில் தமிழ் என்னவாகிறது? சொல் முதலில் பலர் உரசொலியாக ஒலிக்கும் சகரத்தின் ஆற்றல் பெரிதும் 4,000 ஹெர்ட்சுக்கு மேலுள்ளது. அது வெளியே நின்றுவிடும். கேட்போர் சூழலைக் கொண்டே சகரத்தை உய்த்துணர்கின்றனர். ஆனால் குறில் நெடில் வேறுபாடு காலத்தில் அமைந்தது. எடு, ஏடு என்னும் இரண்டும் குழம்புவதில்லை. படம், பட்டம் என்பவற்றின் வேறுபாடும் பெரிதும் ஒலி அடைபட்டு நிற்கும் கால அளவில் உள்ளது, அதுவும் தப்பிவிடுகிறது. ழகரத்தின் சிறப்படையாளம், மூன்றாம் ஒலிச்செறிவுப் பட்டை தாழ்ந்து வருதல். தாழ்ந்து வருவதனாலேயே அது வாயிலுக்குள் அகப்படுகிறது. வானொலியில் ழகரம் கேட்கவில்லையெனில் பழியை வடிகட்டியின்மேல் போடுவதற்கில்லை. பேசியவர் ஒலிக்கவில்லை என்றே கொள்க. மணம், மனம் என்னும் மூக்கொலி வேறுபாடு இரைச்சலில் எளிதில் மங்கும் என்பது எம் செவி கண்டது.

இன்னுமொன்று. பெறுவோர் தம் கருவியை 200 ஹெர்ட்சு பிசகாக வைத்தார் என்க. 120, 240, 360 என மடங்குகளாக அமைந்த குரலதிர்வுகள் 320, 440, 560 என மாறிக் கேட்கும். மடங்குறவு குலைந்ததனால் குரல் வாத்துக் கத்துவது போலாகிவிடும். ஒலியியல் வகுப்பில் அடிப்படை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் கரும்பலகையில் எழுதி நாம் மணிக்கணக்கில் விளக்கியதனை, குமிழைச் சிறிது திருப்பியவுடன் மாணவர் தாமே கேட்டறிந்தனர்.

இனிக் கைவேலை. மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் ஒருங்கே பொருத்திவிட்டுக் கடைசியில் மின்னிணைப்புத் தருதல் தொடக்கநிலையினர் செய்யும் பிழை. பகுதி பகுதியாக அமைத்து, ஒவ்வொன்றையும் சோதித்தே அடுத்ததற்குச் செல்லவேண்டும். முதலில் ஒலிபெருக்கிப் பகுதியை முடிக்க. அதன் உள்வாயை ஈரவிரலால் தொட்டால் ஒலிபெருக்கியில் உறுமல் எழும். எழுந்தால் அப்பகுதி உயிர்பெற்றது. 12 வோல்ட்டு மின்கலத்தில் இயங்குவதனால் இவ்வாறு தொடுவதில் இடரில்லை. வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடைய எதனையும் இவ்வாறு தொடலாகாது.

பற்றவைப்பில் நெருப்பாணியின் நுனி 350 பாகை செல்சியசு அளவில் இருக்கும். பற்றாசாக நாம் பயன்படுத்துவது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி. 63க்கு 37 என்னும் கலவை 183 பாகையில் உருகும். தமிழகத் தொழிலாளர் இதனை ஈயப்பற்று என்பர். ஆணியில் ஈயத்தை உருக்கி இணைப்பின்மேல் அப்புவது தவறு. இணைக்கவேண்டிய இரண்டையும் முதலில் சூடாக்கி, அச்சூட்டிலேயே ஈயம் உருகிப் பரவச் செய்யவேண்டும். பரவாது திரண்டு நிற்பது பார்வைக்கு இணைந்ததுபோல் இருக்கும், மின்னோட்டம் செல்லாது. எம் கருவி இரண்டு வாரம் ஊமையாகக் கிடந்ததற்கு இத்தகைய ஒரே ஓர் இணைப்பே காரணம். காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்ந்து வேலை செய்க. முடிந்தபின் கைகளைக் கழுவுக. காரீயம் நஞ்சு.

கம்பிச்சுருள் சுற்றுவதில் ஒரு சொற்சிக்கல் உண்டு. ‘பத்துச் சுற்றுகள்’ என்னும் குறிப்பைப் படித்த மாணவி ஒருத்தி, வளையத்தைக் கம்பி முழுதாய் ஒருமுறை சூழ்ந்து வந்தபின்னரே ஒன்று என எண்ணினாள். இத்துறையில் கம்பி வளையத்தின் துளையூடே ஒருமுறை செல்லுதலே ஒரு சுற்றாகும். முதல் நுழைவையும் எண்ணியாகவேண்டும். அவள் எண்ணிக்கைப்படி துளையில் பதினொரு கம்பிகள் இருந்தன. மின்தூண்டல் சுற்றெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால் அது 21 விழுக்காடு மிகுந்தது. 14 மெகா ஹெர்ட்சில் ஒத்திசைய வேண்டியது 12.7இல் ஒத்திசைந்தது. போதாக்குறைக்குத் தமிழில் மின்னோட்டப் பாதையையும் சுற்று என்றே எழுதிவிடுகின்றோம். செய்முறைக் குறிப்பு எழுதுவோர் பாதையை ‘மின்சுற்று’ என்றும், கம்பியின் எண்ணிக்கையை ‘துளை நுழைவு’ என்றும் பிரித்தெழுதினால் இக்குழப்பம் நேராது. கலைச்சொற்குழுவில் பல்லாண்டு இருந்தும் இது எமக்குத் தோன்றவில்லை. அந்த மாணவியின் பிழைதான் காட்டிக்கொடுத்தது.

சுருளின் இரு முனைகளிலும் மேற்பூச்சைச் சுரண்டிவிட்டுப் பற்றவைக்க மறவற்க.

எல்லாப் பகுதிகளும் இயங்கியபின், அனுப்பியை நேரே வானலைக்கம்பியோடு இணைத்தலாகாது. 50 ஓம் போலிச்சுமையோடு இணைத்து, ஆற்றலையும் அலையின் தூய்மையையும் அளந்தறிதல் முறை. அதன்பின் உரிமம் பெற்ற ஒருவர் முன்னிலையில் வானலைக்கம்பியை இணைக்கலாம். இவ்வதிர்வெண்ணுக்கு ஏற்ற அரையலைக் கம்பி ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுடையது. அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு அது பெரிதுதான். எம் மாணவர் முதல் மாலையில் கேட்க மட்டுமே செய்தனர். வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிய ஒரு குரல் இரைச்சலின் நடுவே மேலெழுந்தும் தாழ்ந்தும் வந்தது. வாத்துக் குரலாக இருந்ததனை ஒரு மாணவன் குமிழைத் திருப்பி மனிதக் குரலாக்கினான். சென்னையிலிருந்து ஒருவர், மழை பெய்கிறது என்று வேறொருவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ழகரம் தெளிவாகவே கேட்டது.