மட்டாஞ்சேரியில் வண்டியை எங்கே நிறுத்துவது?

காலை பதினொரு மணிக்கு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்து பார்த்த அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். அதன் பின்னால் நாலு கார், பத்து ஆட்டோ, ஒரு கைவண்டி, ஓயாத ஹாரன். இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. இந்தத் தெரு உருவான காலத்தில் சரக்கு வந்தது காயல் வழியாக. நாம் பண்டகசாலை என்பதை மலையாளிகள் பாண்டிகசாலை என்பார்கள். காயலோரம் இருக்கும் பழைய பாண்டிகசாலைகளின் பின்வாசல் தண்ணீரைப் பார்த்திருக்கும், வள்ளம் அங்கேதான் வந்து அணையும். முன்பக்கத் தெரு தலைச்சுமைக்கும் கைவண்டிக்கும் போதுமான அகலம். லாரி வந்ததும் பின்வாசலைப் பூட்டிவிட்டு எல்லாரும் முன்வாசலுக்கு வந்துவிட்டோம். நெரிசலின் மூலகாரணம் இதுதான்.

சில வருஷங்களுக்கு முன் வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் நானே எழுந்து, "பூமிக்கடியில் ரெண்டு அடுக்கு பார்க்கிங் கட்டினால் தீர்ந்தது" என்று பேசினேன். கைதட்டினார்கள். வெளியே வந்தபோது எங்கள் பழைய சுமட்டுத் தொழிலாளி ஒருவர், "முதலாளி, இங்க நாலடி தோண்டினா காயல் வந்துருமே, காரை எங்க விடுவீங்க?" என்று சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் சொன்னதே சரி. கடல்மட்டத்தை ஒட்டிய, ஊற்று மேலேயே நிற்கும் மண்ணில் பாதாளக் கட்டடம் போட்டால் நிலத்தடி நீர் அதைப் படகு மாதிரி மேலே தூக்கப் பார்க்கும். அதைத் தாங்கக் கனத்த கான்கிரீட் தளம் வேண்டும். கசிகிற நீரை இறைக்க மோட்டார், புகையை வெளியேற்ற விசிறி, பகலிலும் விளக்கு என்று வருஷம் முழுக்கக் கரண்ட் செலவு. சிமெண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு டன் சிமெண்ட் உற்பத்தியில் சுமார் 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. முதல் கார் உள்ளே நுழையும் முன்னாலேயே சுற்றுச்சூழலுக்குக் கடன் ஏறிவிடுகிறது.

இட விஷயத்தையும் பார்ப்போம். நம் நாட்டு நகரமைப்புக் கணக்குப்படி, வழி, திருப்பம் எல்லாம் சேர்த்து ஒரு காருக்குத் திறந்த வெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளக் கூரையின் கீழ் 28, பாதாள அறையில் 32 வேண்டும். 28 சதுர மீட்டர் என்பது 300 சதுர அடி. ஃபோர்ட் கொச்சி துருத்தியில் 394 குடும்பங்களுக்காக 2025 செப்டம்பரில் இரட்டைக் குடியிருப்புக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. அதில் ஒன்றிலுள்ள வீடுகளின் அளவும் சுமார் 300 சதுர அடிதான்! ஒரு குடும்பம் வாழும் இடத்தில் ஒரு கார் சும்மா நிற்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் எத்தனை காருக்குக் கட்டுவது என்று பேச வேண்டும்.

சரி, கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படிக் கட்டுவது? முதலாவது காற்று. தரைக்கு மேலே, பக்கங்கள் திறந்தபடி கட்டினால் புகை தானாக வெளியேறும், விசிறி வேண்டாம், பகலில் விளக்கும் வேண்டாம். ராத்திரிக்கு ஆள் நடமாட்டம் அறிந்து எரியும் எல்.இ.டி. போதும். இரும்புச் சட்டம் என்றால் உப்புக் காற்றுக்குத் துத்தநாகப் பூச்சு கட்டாயம்.

இரண்டாவது வெயில். 1,000 சதுர மீட்டர் கூரையில் சுமார் 100 கிலோவாட் சூரியத் தகடு பதிக்கலாம். சராசரியாக நாளுக்கு 400 யூனிட். ஒரு மின்சார ஆட்டோ முழுதாகச் சார்ஜ் ஆக 7, 8 யூனிட் என்றால் ஐம்பது ஆட்டோவுக்குக் காணும். மழைக்காலத்தில் குறையும், அதையும் கணக்கில் வைக்கணும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு முழுதும் சூரிய சக்தியில் இயங்கத் தொடங்கியது. பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு மேலேயும் தகடு போட்டார்கள். கீழே காருக்கு நிழல், மேலே கரண்ட். 2018-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது.

மூன்றாவது மழை. கொச்சியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. அதே கூரையில் விழுவது 30 லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்தாலும் கழுவவும் கழிவறைக்கும் ஆகும். தரையில் சிந்தும் எண்ணெய் காயலில் கலக்காமல் இருக்க, வடிகாலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேண்டும்.

நான்காவது, தளத்தைச் சரிவாகப் போடாமல் சமமாகவும் உயரமாகவும் போடுவது. கார் குறைந்துபோகும் காலத்தில் அதே கட்டடம் கிடங்காகும், கடையாகும். இடிக்க வேண்டி வராது.

கட்டணம் வாங்குவதும் இதில் சேர்ந்ததே. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் வெளியிட்ட நூலில், இலவச பார்க்கிங் உண்மையில் இலவசமில்லை, வண்டி இல்லாதவனும் சேர்த்து அதற்கு விலை கொடுக்கிறான் என்று காட்டினார். இலவச இடம் தேடிச் சுற்றும் வண்டி வீணாக எண்ணெய் எரிக்கிறது. மணிக்கணக்கில் வாடகை வைத்து, எத்தனை இடம் காலி என்று முகப்பிலேயே பலகையில் காட்டினால் பாதிச் சுற்றல் நின்றுவிடும்.

இத்தனையும் மட்டாஞ்சேரித் தெருவுக்குள் கட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளே கட்டினால் அதைத் தேடி இன்னும் நூறு கார் உள்ளே வரும். கட்டுவதை ஊரின் விளிம்பில் கட்டணும். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் வாட்டர் மெட்ரோ நிலையங்கள் திறந்துவிட்டார்கள். ஜூ டவுன் பார்க்க வருகிறவர் காரை அக்கரையில் விட்டுவிட்டுப் படகில் வரலாமே! லாரிக்கு விடியற்காலை நேரம் ஒதுக்கலாம். காலியாகக் கிடக்கும் பாண்டிகசாலை முற்றங்களை இடிக்காமல், கைவண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் மின்சாரச் சரக்கு ஆட்டோவுக்கும் விடலாம். இருக்கிற கட்டடத்துக்குப் புது சிமெண்ட் வேண்டாம்.

"வாடிக்கையாளர் கடை வாசலில் இறங்காவிட்டால் வியாபாரம் போச்சு" என்று நம்மவர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். நானும் கடைக்காரன்தான். ஆனால் வாசலில் நாள் முழுக்க நிற்கும் வண்டி பெரும்பாலும் வாடிக்கையாளருடையதல்ல, நம்முடையதே. முதலில் அதை எடுப்போம்.

மிகுபொருள் விரும்பாமை என்று சமணப் பெரியோர் இல்லறத்தாருக்கு ஒரு விரதம் வைத்தார்கள். எனக்கு எவ்வளவு போதும் என்று முன்கூட்டியே அளந்துகொள்வது அது. ஊருக்கும் அந்த விரதம் பொருந்தும். போதுமான அளவை முதலில் குறிப்போம், அப்புறம் கட்டுவோம். காயலைப் பார்த்த பின்வாசலையும் மறுபடி திறப்போம்.