தோற்கத் துணிந்த கொள்கை

மத்திய இத்தாலியில், கிரான் சாசோ மலையைக் குடைந்து செல்லும் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை. விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை அது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அங்கே ஈயமும் செம்பும் சூழ வைத்த, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம் ஒன்று, சுமார் 2 மாதம் மிக மெல்லிய கதிர்வீச்சுக்காகக் காத்திருந்தது.

அந்தக் காத்திருப்புக்குப் பின்னிருக்கும் விவகாரம் பழையது. எலெக்ட்ரான் ஒரே சமயத்தில் இங்கும் அங்கும் இருக்கலாம் என்கிறது குவாண்டம் சமன்பாடு. அளந்து பார்த்தாலோ ஓரிடத்தில்தான் அகப்படுகிறது. அளக்கும்போது, இங்கும் அங்கும் பரவியிருக்கும் நிலையைக் குறிக்கும் அலைச்சார்பு ஓரிடத்துக்குச் சரிகிறது என்பது கோபன்ஹேகன் விளக்கம் எனப்படும் தரப்பு. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை நடத்திச் செல்கிறது என்றார் டேவிட் போம், 1952இல். சரிவே கிடையாது, உலகம்தான் கிளைவிடுகிறது என்றார் ஹியூ எவரெட், 1957இல். இன்று நாம் செய்யக்கூடிய எந்தச் சோதனைக்கும் மூன்றும் ஒரே விடையைத்தான் தருகின்றன. கருவியைக் கொண்டு தீர்க்க வழியில்லை.

சமன்பாட்டிலேயே கைவைப்பவர்கள் வேறு ரகம். கறாராகப் பார்த்தால் அவர்கள் தருவது விளக்கமல்ல, போட்டிக் கொள்கை. ஹங்கேரியின் லயோஷ் டியோசியும் பிரிட்டனின் ரோஜர் பென்ரோஸும் தனித்தனியே, சரிவுக்குக் காரணம் ஈர்ப்பு விசை என்றார்கள். நிறை கூடக்கூட, ஈரிடத்தில் இருக்கும் நிலை விரைவில் குலையும். யாரும் பார்க்க வேண்டியதில்லை. டியோசியின் கணக்கில் ஒவ்வொரு சரிவும் துகளைச் சற்றே உலுக்கும். மின்னூட்டமுள்ள துகளை உலுக்கினால் அது கதிர் உமிழும். அப்படியானால் கிரான் சாசோவில் காத்திருந்த அந்தப் படிகத்தின் அணுக்களே எக்ஸ் கதிரும் காமா கதிரும் விட வேண்டும்.

2020இல் முடிவு வந்தது. பதிவான கதிர்களுக்குச் சுற்றுப்புறக் கதிரியக்கமே போதுமான காரணமாக இருந்தது. கொள்கையின் மிக எளிய வடிவம் அத்துடன் அடிபட்டுப்போனது. அந்த ஆய்வறிக்கையை எழுதியவர்களில் டியோசியும் ஒருவர்! விஞ்ஞானிகளிடம் இதைவிடப் பெரிய நேர்மையை எதிர்பார்க்க முடியுமா, தெரியவில்லை. பென்ரோஸ் சரிவுக்கு ஆகும் நேரத்தைத்தான் சொன்னார், அது நடக்கும் விதத்தைச் சொல்லவில்லை. எனவே அவர் கருத்து இன்னும் பிழைத்திருக்கிறது.

வியன்னாவிலும் இதே தேடல்தான், வழி வேறு. 2019இல் அங்கே சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை அலையாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அலைகளுக்கே உரிய குறுக்கீட்டுக் கோலம் குலையாமல் தெரிந்தது. சரிவு என்று ஒன்று இருந்தால், அந்த எடைக்கு அது தலைகாட்டவில்லை.