சின்ன விமானத்துக்கு யார் பேசுவது?

மதுரைக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் போகிறவர்கள், விமானம் தாழ வருவதைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி அண்ணாந்து பார்ப்பதுண்டு. இரண்டாவது உலக யுத்த காலத்தில் ராணுவத்துக்கு உபயோகப்பட்ட அந்த நிலையத்தில் இன்று பெரிய பிரயாணி விமானங்கள் வந்து இறங்குகின்றன. அவற்றின் தேவைகளை ஸர்க்காரிடம் எடுத்துச் சொல்லப் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஓட்டும் விமானி முதன்முதலில் எதில் ஏறிக் கற்றுக்கொள்கிறார்? சாதாரணமாக, இரண்டு பேரோ நாலு பேரோ உட்காரக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான். அந்தச் சின்ன விமானத்துக்காகப் பரிந்து பேசவும் ஒரு சபை உண்டு என்பது நேயர்களில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம்.

1927-ல் அது இந்தியா-பர்மா ஏரோ கிளப் என்ற பெயருடன் தோன்றியது. மறு வருஷமே டில்லி, பம்பாய் முதலிய நகரங்களில் பறக்கும் கழகங்கள் ஏற்பட்டன. சென்னையும் அதிகம் பின்தங்கவில்லை. 1929 பிப்ரவரி 10-ந் தேதி இருபத்து நாலு வயது வாலிபர் ஒருவர் அச்சபையின் மூலம் லைஸென்ஸ் பெற்றார். அதன் நம்பர் 1. வாலிபரின் பெயர் ஜே. ஆர். டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-ந் தேதி அவர் சிறு விமானமொன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அத்தபாலைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். பிற்காலத்து ஏர் இந்தியாவுக்கு அதுவே வித்து.

இன்று இந்திய ஏரோ கிளப் என வழங்கும் அச்சபை, டில்லியிலிருந்து பறக்கும் கழகங்களுக்குத் தாய்ச் சபையாய் விளங்குகிறது. உலக ஆகாய விளையாட்டுச் சம்மேளனத்தில் நம் நாட்டின் பிரதிநிதியும் அதுவே.

அதற்கு வேலை இல்லாமற் போகவில்லை. எண்ணெய் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜெட் விமானம் மண்ணெண்ணெய் ஜாதியைச் சேர்ந்த எரிபொருளில் ஓடுகிறது. பயிற்சி விமானங்கள் பலவற்றுக்கோ உயர்தரப் பெட்ரோல் வேண்டும். 2022 வரை அதை அந்நிய நாடுகளிலிருந்தே தருவித்தோம்! அவ்வருஷந்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் அதைத் தயாரிக்கலாயிற்று. சம்பளத்துக்கு விமானம் ஓட்ட லைஸென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் எண்ணெய்ச் செலவு உண்டு. நஞ்சையை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடியானவருக்கு எண்ணெயின் விலை எவ்வளவு பெரிய விஷயம்!

யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம் என்று ஆகாயத்திலிருந்து திசையறியக் குறி வைத்தாற்போன்ற ஊர் நம்முடையது. சுற்றிலும் சமவெளி, இடையிடையே கண்மாய்கள். பெரிய விமானங்களுக்கு இடம் விஸ்தரிக்கும்போது சின்ன விமானத்துக்கும் ஒரு கொட்டகை ஒதுக்க வேண்டும் என்பது நமது கட்சி. டில்லிச் சபை இதையும் கேட்கட்டும். மதுரைவாசிகளும் கூடக் கேட்கலாம்.