பேரண்டத் திகில் புனைவும் அதன் நீடித்த ஈர்ப்பும்: லவ்கிராஃப்ட் முதல் விக்டர் லவால் வரை

ஆய்வுச்சுருக்கம்

பேரண்டத்தில் மனித இனத்திற்குச் சிறப்பிடம் எதுவும் இல்லை என்னும் உணர்விலிருந்து பிறக்கும் அச்சமே பேரண்டத் திகில் புனைவின் அடிப்படையாகும். பேய்க்கதை தரும் அச்சத்திலிருந்து இது வேறுபட்டது. இவ்வகைமைக்கு வடிவம் தந்த ஹெச். பி. லவ்கிராஃப்டின் இரு கதைகளையும், அவரது மரபை மறுவாசிப்புக்கு உட்படுத்திய விக்டர் லவாலின் குறுநாவலையும் முன்வைத்து, இவ்வகைமையின் நீடித்த ஈர்ப்பிற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பேரண்டத் திகில், லவ்கிராஃப்ட், எடுத்துரைப்பு, இனவெறி, மறுவாசிப்பு.

முன்னுரை

லவ்கிராஃப்ட் (1890–1937) அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். இளமையிலேயே வானியலில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1906 முதல் உள்ளூர் இதழ்களில் வானியல் பத்திகள் எழுதினார். அவரது முதன்மையான கதைகள் உருவான காலம், பேரண்டத்தின் அளவு குறித்த அறிவியல் கருத்தே மாறிய காலமாகும். ஆண்ட்ரோமீடா என்பது பால்வழிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் திரள் என்பதை நிறுவிய எட்வின் ஹபிளின் ஆய்வு 1925-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு எழுதப்பட்ட 'கதுல்ஹூவின் அழைப்பு' 1928-இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளிவந்தது.

அறிவின் எல்லையும் அச்சமும்

1927-இல் வெளிவந்த 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்' என்னும் கதையில் ஒரு விண்கல் பண்ணையொன்றில் விழுகிறது. பேராசிரியர்கள் அதன் துண்டை ஆய்வகத்தில் சோதிக்கின்றனர். அது சுருங்கி மறைகிறது. அதன் நிறமோ அறியப்பட்ட எந்த நிறமாலையிலும் அடங்கவில்லை. பின்னர்ப் பயிர்களும் கால்நடைகளும் அக்குடும்பத்தாரும் படிப்படியாக அழிகின்றனர். வந்தது உயிரா, பொருளா, அதற்கு நோக்கம் உண்டா என்னும் வினாக்களுக்குக் கதை விடை தருவதில்லை. பேய்க்கதைகளில் பேய்க்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: பழி, ஆசை, நிறைவேறாத கடன் என ஏதேனும் ஒன்று. காரணம் உண்டெனில் பரிகாரமும் உண்டு. இக்கதையில் பரிகாரத்திற்கு இடமில்லை என்பதே அச்சத்தின் ஊற்றாகிறது.

சான்றுகளால் அமையும் எடுத்துரைப்பு

'கதுல்ஹூவின் அழைப்பு' ஏறத்தாழ ஓர் ஆய்வேட்டைப் போல அமைந்துள்ளது. இறந்துபோன பேராசிரியர் ஒருவரின் தாள்களை அவருடைய உறவினர் ஆராய்கிறார். சிற்பியின் கனவுக் குறிப்பு, காவல் ஆய்வாளரின் வாக்குமூலம், நாளிதழ்ச் செய்தி, மாலுமியின் கையெழுத்துப்படி ஆகியன ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கதைசொல்லி கதுல்ஹூவை நேரில் காண்பதே இல்லை. தனித்தனியே பொருளற்றுக் கிடந்த சான்றுகளை இணைத்துப் பார்ப்பதே அவருக்குக் கேடாக முடிகிறது. அவரோடு சேர்ந்து வாசகரும் சான்றுகளை இணைக்கிறார். ஆதலால் அச்சம் வாசிப்புச் செயலிலேயே விளைகிறது.

எழுத்தாளர்களை ஈர்க்கும் திறந்த புனைவுலகம்

லவ்கிராஃப்ட் தாம் படைத்த கற்பனை நூல்களையும் தெய்வங்களையும் பிறர் பயன்படுத்துவதை வரவேற்றார். இளம் எழுத்தாளரான ராபர்ட் பிளாக் 1935-இல் தம் கதையொன்றில் லவ்கிராஃப்டை ஒத்த பாத்திரத்தை, அவரது இசைவுடனேயே, கொன்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த கதையில் லவ்கிராஃப்ட் ராபர்ட் பிளேக் என்னும் பாத்திரத்தைக் கொன்று மறுமொழி தந்தார். அவர் மறைந்தபின் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் 1939-இல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தை நிறுவி அவரது கதைகளை நூலாக்கினர். 1981-இல் வெளிவந்த 'கதுல்ஹூவின் அழைப்பு' பாத்திரமேற்கும் விளையாட்டில், உண்மையை அறிய அறிய ஆட்டக்காரரின் மனநலப் புள்ளிகள் குறைகின்றன. கதையின் உட்கருத்தே இங்கு ஆட்டவிதியாகியுள்ளது.

இனவெறியும் மறுவாசிப்பும்

இம்மரபைப் பேசுவோர் லவ்கிராஃப்டின் இனவெறியைக் கடந்து செல்ல இயலாது. 'கதுல்ஹூவின் அழைப்பு' கதையில் கலப்பினத்தவரே இழிந்த வழிபாட்டினராகச் சித்திரிக்கப்படுகின்றனர். 1927-இல் வெளிவந்த 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' நியூயார்க்கின் புலம்பெயர்ந்தோரையே அச்சப்பொருளாக்குகிறது. அவரது உருவில் வழங்கப்பட்டுவந்த உலக மிகுபுனைவு விருதுச் சிலை கைவிடப்படும் என 2015-இல் அறிவிக்கப்பட்டது.

கறுப்பின எழுத்தாளரான லவால், 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' கதையை 2016-இல் 'கறுப்பு டாமின் கதைப்பாடல்' எனக் குறுநாவலாக மாற்றி எழுதினார். 1924-ஆம் ஆண்டு ஹார்லெமில் வாழும் நாயகனின் தந்தை, கையிலிருந்த கிதாரைத் துப்பாக்கி எனக் கொண்ட துப்பறிவாளன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்படுகிறார். மனிதரின் வன்மத்தை நாள்தோறும் எதிர்கொள்ளும் நாயகனுக்குப் பேரண்டத்தின் அலட்சியம் ஆறுதலாகவே தோன்றுகிறது. இதனால் ஓர் உண்மை புலனாகிறது: மையத்திலிருந்து விலக்கப்படுவதைப் பேரச்சமாக உணர்பவர், தம்மை மையத்தில் வைத்து எண்ணியவரே. தொடக்கத்திலேயே விளிம்பில் நிறுத்தப்பட்டவருக்கு அது புதிய செய்தியன்று.

முடிவுரை

விடையற்ற அச்சம், வாசகரையும் ஆய்வாளராக்கும் எடுத்துரைப்பு, பிறருக்கும் திறந்துவிடப்பட்ட புனைவுலகம் ஆகிய மூன்றும் இவ்வகைமையின் ஈர்ப்பிற்குக் காரணங்களாகின்றன. 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்' எந்த மனிதக் குழுவையும் இழிவுபடுத்தாமலேயே அச்சத்தை நிறைவாக எழுப்புகிறது. எனவே இனவெறி இவ்வடிவத்தின் இன்றியமையாக் கூறன்று எனத் துணியலாம். எனினும், அச்சம் யாருடையது என்னும் வினா இவ்வடிவத்திற்குள்ளேயே இருப்பதை லவாலின் குறுநாவல் காட்டுகிறது. முன்னோடியைப் போற்றுவதோடு அமையாமல் அவரோடு வாதிடவும் இடந்தருவதே இம்மரபை உயிர்ப்புடன் வைத்திருக்கிறது எனலாம்.