தமிழ்த் தடித்த எழுத்துருவின் வடிவமைப்பும் பயன்பாடும்: ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ எழுத்துருவை முன்வைத்து

முன்னுரை

பெரிதாகவும் தடிப்பாகவும் அச்சிடப்பட்டதைக் ‘கொட்டை எழுத்து’ என்பது தமிழ் வழக்கு. இவ்வழக்கு அளவையும் தடிப்பையும் ஒன்றாகக் கொள்கிறது. எழுத்துருவாக்கத்தில் இவை இருவேறு கூறுகளாகும். ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடி வந்தடைந்த அச்செழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் அங்கேயே வார்க்கப்பட்டன. அது அளவு பற்றிய சிக்கல். தடிப்பு பற்றிய சிக்கல் எழுத்தின் உள்வெளியைச் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செரிஃப் என்னும் கூறு

உரோமன் எழுத்தில் கோட்டின் முனையில் அமையும் சிறு முனைக்கோடே செரிஃப் எனப்படும். எழுத்தாணியால் ஓலையில் கீறப்பட்டு வளர்ந்த தமிழ் வரிவடிவத்திற்கு இம்முனைக்கோடு மரபன்று. ஆகவே ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ போன்ற எழுத்துருக்களில் கோடுகளின் தடிப்பு மெலிவு வேறுபாடே அப்பெயருக்குரிய பண்பை உணர்த்துகிறது. கூகுள் நிறுவனத்தின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தைச் சேர்ந்த இது கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை 9 தடிப்பு நிலைகளை உடையது.

உள்வெளியும் பொருள் வேறுபாடும்

தமிழ் எழுத்துகள் பலவற்றைச் சுழிகளே வேறுபடுத்துகின்றன. மூன்று சுழி ணகரத்திற்கும் இரண்டு சுழி னகரத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சுழியே. ‘பெறு’, ‘பேறு’ ஆகியவற்றைக் கொம்பின் மேற்சுழி பிரிக்கிறது. ‘கல’, ‘கல்’ ஆகியவற்றைப் புள்ளி பிரிக்கிறது. தடித்த வடிவம் தனியே வரையப்படாதபோது கணினி மென்பொருள் எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் பருக்கச் செய்கிறது. சுழிகள் அடைபடுகின்றன, புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வடிவமைப்பாளர் வரையும் தடித்த வடிவத்திலோ எழுத்தின் அகலம் கூட்டப்படுகிறது. சுழியருகே கோடு மெலிக்கப்படுகிறது.

பயன்பாடு

உரோமன் எழுத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து என அழுத்தம் காட்டும் வழிகள் பல. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. சாய்வெழுத்தும் அச்சு மரபில் வேரூன்றவில்லை. எனவே தடித்த எழுத்தின் பணிச்சுமை மிகுதி. அகராதியின் தலைச்சொல், பதிப்பில் உரையிலிருந்து மூலத்தைப் பிரித்தல், நூல் தலைப்பு ஆகியன அதன் களங்கள். தொடர்ந்து வாசிக்கும் உரைப்பகுதிக்கு அது ஏற்றதன்று. பக்கம் முழுதும் அழுத்தம் பெற்றால் எதுவும் அழுத்தம் பெறுவதில்லை.

அறிவிப்புப் பலகை மற்றொரு களம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் கரியாலூர் போன்ற ஊர்களுக்குச் செல்லும் வளைவுச் சாலையில், ஓடும் ஊர்தியிலிருந்து பலகையைப் படிக்கக் கிடைப்பது சில நொடிகளே. அங்கு ‘பனி’ என்பது மூடுபனி பற்றிய எச்சரிக்கை. ‘பணி’ என்பது சாலைப்பணி பற்றிய அறிவிப்பு. சுழி அடைபட்டால் இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றும்.

முடிவுரை

தடித்த தமிழ் எழுத்துருவின் தரத்தை அதன் கருமையைக் கொண்டு அளவிடுவது பொருந்தாது. ணகர னகரச் சுழிகள், கொம்பின் மேற்சுழி, புள்ளி ஆகிய மூன்றும் சிறிய அளவிலும் தொலைவிலும் தெளிவாக நிற்கின்றனவா என்பதே உரிய அளவுகோல். பாடநூல்களுக்கும் பதிப்புகளுக்கும் பொது அறிவிப்புகளுக்கும் எழுத்துருத் தேர்வோர் முதலில் நோக்க வேண்டியது இதுவே.