வரைபட மென்பொருளுக்கு ஒரு சிக்கனக் கணினி

வரைபட வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். லினக்ஸை நிறுவிக்கொண்டால் இயங்குதளத்துக்கும் செலவில்லை. மிச்சமாகும் பணத்தை உதிரிபாகங்களில் போடலாம்.

விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தட்டையான வரைபடத்தைத் தீட்டும் வேலை பெரும்பாலும் பிராசசரின் தலையில்தான் விழுகிறது. அதனுள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் போதும். டிரோன் படங்களை இணைத்து முப்பரிமாண நிலம் உருவாக்குவோருக்கே தனிக் கார்டு தேவை. பிராசசரிலும் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். பல கருவிகள் ஒரே கோரில்தான் ஓடுகின்றன.

நினைவகத்தில் கஞ்சத்தனம் கூடாது. லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் ஒரு காட்சி ஏறக்குறைய 185 கிலோமீட்டர் அகலம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றாலும் ஒரு அலைவரிசைக்கே 3 கோடிக்கு மேல் புள்ளிகள் சேரும். சேமிக்கும்போது ஒரு புள்ளிக்கு 2 பைட். பயிர்ப் பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டால் தசம எண்ணாகி 4 பைட் ஆகும். ஆகவே 16 ஜிபி ரேம் வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் 8 ஜிபி துண்டுகள் இரண்டைப் போட்டால், பிறகு 32 ஆக்குவது எளிது.

சுழலும் ஹார்டுடிஸ்க் வினாடிக்குச் சுமார் 150 எம்பி படிக்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி ஆயிரங்களில் படிக்கும். நடப்பு வேலை எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பழைய ஹார்டுடிஸ்க் பிரதி வைக்க உதவும்.