வளைவை நீட்டும் வித்தை

புத்தளத்தின் தில்லையடிப் பக்கம் ஓட்டோவை விரட்டும் பொடியன் வளைவு வந்ததும் உள்ளோரத்தை ஒட்டித் திருப்புவான். தூரம் குறைகிறதே, நேரமும் குறையும் என்பது அவன் கணக்கு. பந்தயத் தடத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

வளைவில் கார் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. டயரின் பிடிமானம், புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எல்லை வேகம் கிடைத்துவிடும். பிடிமானத்தைக் கூட்டக் காசு வேண்டும். ஆரத்தைக் கூட்டக் காசு வேண்டாம். நடுக்கோட்டில் 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு செங்கோண வளைவை எடுப்போம். பிடிமானக் குணகம் 1 என்றால் நடுக்கோட்டிலேயே போகும் கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் வழுக்கத் தொடங்கும். அதே கார் வெளியோரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விரிந்தால், இடவலமாக நகர 10 மீட்டர் இருக்கும்பட்சத்தில், அது வரையும் வில்லின் ஆரம் 49 மீட்டர். எல்லை வேகம் கிட்டத்தட்ட 79! (புத்தளம் - கொழும்பு வீதியில் யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம், எதிரே பஸ் வரும்.)

கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி இந்தப் பாடத்துக்கென்றே பிறந்த கார் மாதிரி எனக்குத் தோன்றும். ஒற்றை இருக்கை, பின்னால் மாருதி 800இன் சின்ன எஞ்சின். வளைவில் தொலைத்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்டுத் தரும் வலு அதற்குக் கிடையாது. ஆகவே தொலைக்காமல் ஓட்டப் பழக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் ஜோர்டான் அணிக்காக இறங்கி, இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 சாரதியானார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரே கையிருப்பு. பிரேக்குக்குச் செலவழித்தது திருப்புவதற்கு மிஞ்சாது. அதனால் பிரேக்கின் பெரும்பகுதியை நேர்ப்பாதையிலேயே முடித்து, ஸ்டியரிங் திரும்பத் திரும்பக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். பாரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. டயர் மீது பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே ஏறும். வளைவில் பாரம் வெளிப்பக்க டயர்களுக்குச் சாயும்போது மொத்தத்தில் நட்டம்தான். கார் தரையோடு தரையாகக் கிடப்பது இதற்காக. முன்பக்கம் வழுக்கி வெளியே ஓடினால் மெக்கானிக் பின்பக்கத்து ஆன்ட்டி-ரோல் பாரை இறுக்குவார். பாரச் சாய்வில் கூடுதல் பங்கு பின் டயர்களுக்குப் போக, முன் டயர்கள் மூச்சுவிடும்.

அடுத்தது காற்று. கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில் சுழலும் காற்றாலை இதழின் குறுக்குவெட்டும் பந்தயக் கார் இறக்கையும் ஒரே குடும்பம். காரில் அதைக் கவிழ்த்துப் பூட்டுகிறார்கள். காற்று காரைத் தரையில் அழுத்துகிறது, எடை கூடாமல் பாரம் மட்டும் கூடுகிறது. ஃபார்முலா 1இல் 1968இல் இறக்கைகள் வந்தன. பத்தாண்டில் லோட்டஸ் 79, காரின் அடிப்பாகத்தையே இறக்கையாக்கியது. 1983இல் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 2022இல் அதே உத்தி சட்டபூர்வமாகத் திரும்பியது.

வேகமாகப் போனால்தான் கார் ஒட்டும், மெதுவாகப் போனால் வழுக்கும் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. வேகம் குறைந்தால் அழுத்தம் வேகத்தின் வர்க்கக் கணக்கில் குறையும். ஆனால் திருப்பத் தேவையான விசையும் அதே வர்க்கக் கணக்கில் குறையும். மெதுவாகப் போவதில் உள்ள நிஜமான ஆபத்து, டயர் ஆறிப் பிடிமானம் இழப்பது.

அழுத்தமும் திருப்பத் தேவையான விசையும் ஒரே கணக்கில் ஏறுவதால் இன்னொரு விசித்திரமும் நடக்கிறது. ஜப்பானின் சுசூகா தடத்தில் 130ஆர் என்றொரு வளைவு. ஆரம் 130 மீட்டர், அதனால் அந்தப் பெயர். பிற்பாடு வடிவத்தைச் சற்று மாற்றினார்கள். மேலே சொன்ன குணகத்தோடு, இறக்கை இல்லாத கார் அங்கே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஃபார்முலா 1 கார்கள் 300ஐ ஒட்டிய வேகத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கடக்கின்றன. அங்கே வேகத்தைத் தடுப்பது வளைவு அல்ல, எஞ்சின் வலுவும் காற்றின் எதிர்ப்பும்தான்.